மனையில குடிச்ச தண்ணி

பாகூர் கடைத்தெருவுல சிராஜுதீன் பாயை ஏமாத்தி ஒரு சரக்கைத் தலையில கட்டுனவன் இன்னும் பொறக்கல. இது நான் சொல்றதில்ல, அவரே சொல்லிக்கிறது. மிளகு மூட்டை வந்து எறங்குனா மேல கெடக்கிறதைத் திரும்பியும் பாக்க மாட்டாரு. முழங்கை வரைக்கும் கையை உள்ள விட்டு, அடியிலேருந்து ஒரு பிடி அள்ளி மோந்து பாப்பாரு. பருப்பு கம்பெனிக்காரன் கொஞ்சம் கூடுதலா சிரிச்சுட்டான்னா அன்னிக்கு அந்தச் சரக்கு திரும்பிப் போயிடும். தராசையே சந்தேகப்படுற மனுஷன். சரக்கு பாக்கப் போற நாளை யாருகிட்டயும் முன்கூட்டியே மூச்சு விட மாட்டாரு, திடுதிப்புனு குடோன் வாசல்ல போயி நிப்பாரு. சொல்லிட்டுப் போனா நல்லதைத்தான் காட்டுவானுங்கன்னு அதுக்கு ஒரு வியாக்கியானம்.

கடையில மளிகையோட கேன் தண்ணி யாவாரமும் உண்டு. பக்கத்துக் கடை கேனோட கலந்துடக் கூடாதுன்னு ஒவ்வொரு கேன் கழுத்துலயும் பச்சை பெயின்ட்ல ஒரு இழுப்பு இழுத்து வச்சிருப்பாரு. ஊருல பாதி பேரு அந்தத் தண்ணியைத்தான் குடிக்கிறாங்க. அவரு வூட்டுல மட்டும் குழாய்த் தண்ணியைக் காய்ச்சிக் குடிப்பாங்க. விக்கிற சரக்குல வாய் வைக்கிறவன் யாவாரியே இல்லைங்கிறது அவரு கொள்கை. ஆயுசுக்கும் அந்தக் கேன்லேருந்து ஒரு மொடக்கு குடிச்சவரு இல்ல.

இப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு கட்டுன பொண்டாட்டி மேலயே இப்ப சந்தேகம் வந்துடுச்சு. தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க நெனைக்கிற மாதிரி இல்ல. ரசியா இங்கிலீஷ் கத்துக்கிறா. அதுதான் வெவகாரம்.

ஆரம்பத்துலேருந்து சொன்னாத்தான் வெளங்கும். கடைக்குப் பின்னாடியே ரெண்டு ரூம்பு வாடகை வூடு. கார்த்திகை மழையில ஆத்துத் தண்ணி ஊருக்குள்ள பூந்தப்ப, அந்த வூட்டுல இடுப்பளவு நின்னுது. அரிசி மூட்டை ஊறி நாறிப்போச்சு. பீரோக் கதவு உப்பிக்கிட்டு இன்னிக்கு வரைக்கும் சரியா மூடாது. அன்னிக்கே சிராஜுதீன் முடிவு பண்ணிட்டாரு, இனிமே சொந்தமா ஒரு மேட்டு மனை, அதுல ஒரு வூடு. கையில துட்டு இல்ல. ரசியாவோட அத்தா மௌத்தான பிறகு உறுவையாத்து நெலத்தை வித்ததுல அவளுக்கு வந்த பங்கு பேங்குல அவ பேர்ல கெடக்குது. அவ கையெழுத்து போட்டாத்தான் அது அசையும். அந்தக் குடும்பத்துக்கு இருக்கிறதே அது ஒண்ணுதான்.

மனையைக் காட்டுனவன் புரோக்கர் மணிவண்ணன். கிழக்கால, கடல் பக்கம் போற ரோட்டுல, நாலு தென்னையும் ஒரு போர்செட்டும் தண்ணித் தொட்டியும் இருக்கிற எடம். மேடான மனை, அருமையான தண்ணி, அம்சமான காத்துன்னு அவன் வாய் ஓயாம அளந்தான். சிராஜுதீன் லேசுல மடங்குவாரா? நம்ம பக்கத்துல மனை வாங்குறவங்க பட்டாவைப் பாக்குறதுக்கு முன்னாடி தண்ணியைத்தான் பாப்பாங்க. அந்த மண்ணுல நின்னு, அந்தத் தண்ணியில ஒரு வாய் குடிச்சுட்டுத்தான் மேல பேச்சே. மணிவண்ணன் தை மாசம் ஒரு நாள் நேரம் சொல்லிக் கூட்டிட்டுப் போனான். தொட்டிக் குழாயைத் தொறந்து சொம்புல புடிச்சுக் குடுத்தான். சிராஜுதீன் ஒரு வாய் குடிச்சாரு. அப்புறம் சொம்பு மொத்தத்தையும் குடிச்சாரு. இந்தப் பக்கத்துல இப்படி ஒரு தண்ணியா, இளநி கணக்கா இருக்கேன்னு ரசியாகிட்ட வந்து நாலு நாளைக்கு அதே பேச்சு. அவளும் சரின்னு தலையாட்டிட்டா.

அப்புறந்தான் இந்த இங்கிலீஷ் கிளாஸு வந்து சேந்துது.

மக இர்பானா படிக்கிற பள்ளிக்கூடத்துல பொஸ்தகம் மொத்தமும் இங்கிலீஷா மாறிப்போச்சு. புள்ள சந்தேகம் கேட்டா ஆத்தாளும் முழிக்கிறா, அப்பனும் முழிக்கிறாரு. அதனால ஏரிக்கரை ஓரம் மகளிர் குழுக் கட்டடத்துல நடக்கிற கிளாஸுல ரசியா சேந்துட்டா. டீச்சர் பேரு ஸ்டெல்லா. வில்லியனூர்லேருந்து சனி, ஞாயிறு சாயங்காலம் பஸ்ஸுல வருது. முப்பது வயசு இருக்கும். பீஸு கெடையாது. கேட்டா, காலேஜுல ஏதோ புராஜெக்ட் பண்றேன், அதுக்காகன்னு சொல்லுதாம். ஓசியில ஒருத்தன் ஊதுவத்தி குடுத்தாலே உள்ள இன்னா இருக்குன்னு பிரிச்சுப் பாக்குறவரு சிராஜுதீன். ஓசியில இங்கிலீஷா?

அந்த ஸ்டெல்லா பாடம் நடத்துற விதமே தனி தினுசு. பேப்பர்ல வந்த நியூஸை வெட்டி எடுத்துட்டு வரும். எல்லாமே பருவம் கெட்டுப்போனதைப் பத்திதான். பனிமலை உருகுது, வெயில் ஏறுது, கடல் பொங்குது, மழை தப்புது. அதுல இருக்கிற வர்ணனை வார்த்தையெல்லாம் கறுப்பு மையால அடிச்சுடும். ஸீ ரைசஸ்னு மொட்டையா ரெண்டு வார்த்தை நிக்கும். எப்படிப்பட்ட கடல்? எப்படி ஏறுது? இந்த ரெண்டு கேள்விக்கும் பொம்பளைங்க யோசிச்சு யோசிச்சு வார்த்தை ரொப்பணும். முதல் கேள்விக்கு வர்றது அட்ஜெக்டிவ், ரெண்டாவதுக்கு அட்வெர்ப். அவ்வளவுதான் இலக்கணம்.

ரசியாவுக்கு அது புடிச்சுப்போச்சு. அடுப்படியில நின்னுக்கிட்டு சோறு வேகமா கொதிக்கும்போது ரேபிட்லிங்கிறா. வெயில்ல துணி காயப்போட்டுட்டு வந்து டேஞ்சரஸ்லி ஹாட்டுங்கிறா. மக கைகொட்டிச் சிரிக்கிறா. சிராஜுதீனுக்கு மட்டும் சிரிப்பு வரல. காலங்காத்தால வூட்டுல உருகுது, அழியுது, மூழ்குதுன்னு ஓதிக்கிட்டு இருந்தா பரக்கத்து எங்கேருந்து வரும்? இதுல கத்துக்க இன்னா இருக்குன்னும் அவருக்குப் புரியல. வார்த்தை ஒட்டுறது அவருக்குத் தெரியாததா? நயம் துவரை, அசல் நெய், சுத்தமான தண்ணி. ஒட்டாம எந்தச் சாமான் விக்கும்?

ஒரு நாள் ரசியா சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே ஒரு நியூஸ் சொன்னா. கடலோரத்துல போர் போட்டு உறிஞ்சிக்கிட்டே இருந்தா, அடியில நல்ல தண்ணி கொறையக் கொறைய கடல் தண்ணி மண்ணுக்குள்ள ஏறி வருமாம். ஸ்லோலி, சைலன்ட்லி. மேல நிக்கிறவங்களுக்கு ஒண்ணுமே தெரியாதாம். சொல்லிட்டுக் கையைக் கழுவுனா. அந்த மனை கடல் பக்கந்தானே, கையெழுத்தைக் கொஞ்சம் பொறுத்துப் போடலாமான்னு கேட்டா.

நான் என் வாயால குடிச்சுப் பாத்தேனேடின்னாரு சிராஜுதீன். எங்க குடிச்சீங்கன்னா. தொட்டிக் குழாயிலன்னாரு. போர்லேருந்து நேராக் குடிக்கலையான்னா. அதுக்கு மேல அவருக்குக் கோவம் வந்துடுச்சு. தொட்டிக்குத் தண்ணி வானத்துலேருந்தா வருதுன்னு கத்திட்டுக் கடைக்குப் போயிட்டாரு.

போனவரு சும்மா இல்ல. கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டு ஸ்டெல்லாவைக் கவனிக்க ஆரம்பிச்சாரு. அடுத்த வாரமே தூக்கிவாரிப் போடுற மாதிரி ஒரு சங்கதி காதுல விழுந்துது. கிளாஸுக்கு வர்ற ஒவ்வொருத்தரும் அவங்கவங்க வூட்டுத் தண்ணியை ஒரு பாட்டில்ல கொண்டாரணுமாம், அதைப் பாத்து வர்ணிக்கணுமாம். இங்கிலீஷுக்கும் தண்ணிக்கும் இன்னாய்யா சம்பந்தம்? எந்தத் தெருவுல எப்படித் தண்ணின்னு ஒருத்திக்குத் தெரிஞ்சா, எந்த எடத்தை வளைக்கலாம்னு தெரிஞ்ச மாதிரிதானே. இது டீச்சர் இல்ல, எவனுக்கோ ஏஜென்ட்டு. சிராஜுதீனுக்கு மூக்குல வேர்த்துடுச்சு.

அப்படி நெனைச்சுக்கிட்டிருக்கும்போதே பஸ் ஸ்டாப்புல ஸ்டெல்லாவும் மணிவண்ணனும் நின்னு பேசுறதைப் பாத்தாரு. அந்தப் பொண்ணு ஏதோ கேக்குது, இவன் இல்ல இல்லன்னு கையை ஆட்டுறான். கைக்குட்டையால கழுத்தை வேற தொடச்சுக்கிறான். பஸ்ஸு போனதும் சிராஜுதீன் மணிவண்ணனைப் புடிச்சுக்கிட்டு, அந்தம்மா இன்னா கேட்டுச்சுன்னாரு. மணிவண்ணன் அவரு மூஞ்சை ஒரு நிமிஷம் பாத்தான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, வேற யாருகிட்டயும் சொல்லிடாதீங்க பாய்னு ஆரம்பிச்சான். டீச்சரம்மாவோட அண்ணன் வெளிநாட்டுல இருக்காராம், அவருக்கு இந்த மனை மேல ஒரு கண்ணாம். உங்க வூட்டுக்காரம்மாவைப் பயமுறுத்தி வெலக வச்சுட்டா லட்டு மாதிரி அடிச்சுக்கலாம்னு பாக்குறாங்களாம். நான்தான் பாய்க்கு வாக்குக் குடுத்துட்டேன்னு மறுத்துட்டேன்னான்.

பாருங்க வேடிக்கையை. மிளகு மூட்டைக்கு அடியில கைவிட்டுப் பாக்குற மனுஷன், இந்தப் பேச்சுக்கு அடியில கைவிட்டே பாக்கல. நான் அப்பவே நெனைச்சேன்னு துள்ளுனாரு. ஊருல எல்லாரையும் சந்தேகப்பட்டவரு, தன் சந்தேகத்துக்கு ஒத்து ஊதுனவனை மட்டும் சந்தேகப்படல. மணிவண்ணன் வேற நல்ல வாடிக்கை. தை மாசத்துலேருந்து சைட்டு ஆளுங்களுக்குன்னு கேன் தண்ணியா வண்டியில ஏத்திட்டுப் போறவன்.

நோன்பு வந்துது. மணிவண்ணன் கடைக்கு வந்து, பெருநாளுக்குள்ள பத்திரத்தை முடிச்சிடலாம் பாய், இல்லன்னா அந்தம்மா முந்திக்கும்னு திரியைக் கொளுத்திட்டுப் போனான். அன்னிக்குச் சாயங்காலம் சிராஜுதீன் ரசியாவை உக்கார வச்சு எல்லாத்தையும் போட்டு ஒடச்சாரு. உன் டீச்சர் யாரு தெரியுமா, அவ அண்ணன் யாரு தெரியுமான்னு. ரசியா கேட்டுக்கிட்டே இருந்தா. கத்தல, அழல. ஸ்டெல்லா மிஸ்ஸுக்குக் கூடப் பொறந்தவங்களே கெடையாதேன்னு மட்டும் சொன்னா. அதுவும் நடிப்புன்னாரு இவரு.

ரசியா அதோட விடல.

"எங்க அத்தா நெலத்துத் துட்டு அது. கடைசி வரைக்கும் சேத்துல நின்ன மனுஷன். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அந்த மனைத் தண்ணியை ஒரு பாட்டில் கிளாஸுக்குக் கொண்டாங்க. எல்லாருக்கும் முன்னாடி பாத்துடலாம். நல்லா இருந்தா, மறுநாளே கையெழுத்து."

சிராஜுதீன் நெஞ்சை நிமித்திக்கிட்டாரு. இதுதானா? அந்த ஸ்டெல்லாவோட மூஞ்சியில கரியைப் பூசுறதுக்கு இதை விட நல்ல சான்ஸு வருமா?

சனிக்கிழமை மத்தியானம் ஸ்கூட்டரை எடுத்தாரு. மணிவண்ணனுக்குச் சொல்லல. அவனைச் சந்தேகப்பட்டு இல்ல, பழக்க தோஷம். அதோட, அவன் யாருகிட்டயாவது உளறி ஸ்டெல்லா காதுக்குப் போயி, அது ஆளை விட்டுத் தண்ணியில எதையாவது கலக்கிட்டா? வூட்டுலேருந்தே பாட்டிலைக் கழுவிக் காயவச்சு எடுத்துக்கிட்டாரு. சீல் வைக்கிறதுக்கு ஒரு செல்லோடேப்பு வேற.

மனையில ஒரு ஈ காக்கா இல்ல. தென்னை ஓலை மொனையெல்லாம் கருகி இருந்துது. வெயில்னு நெனைச்சுக்கிட்டாரு. மோட்டார் கொட்டாய்க்குப் பின்னாடி போனா, சொவரு ஓரமா காலி கேனா அடுக்கி வச்சிருந்துது. ஒவ்வொண்ணு கழுத்துலயும் பச்சை இழுப்பு. சிராஜுதீனுக்குப் பத்திக்கிட்டு வந்துது. அடப்பாவி, காலி கேனைத் திருப்பிக் குடுன்னா நாளைக்கு நாளைக்குன்னு சொல்லிட்டு இங்க வெயில்ல காயப்போட்டு வச்சிருக்கியே, கேனு வெடிச்சா யாரு பதில் சொல்றதுன்னு தனியா நின்னு திட்டுனாரு. அங்க ஒரு செங்கல் இல்ல, மண்ணு மேடு இல்ல, வேலை நடந்த அடையாளமே இல்ல. எந்தச் சைட்டு, எந்த ஆளுங்க, இந்தத் தண்ணியெல்லாம் யாரு குடிச்சதுன்னு கண்ணுக்கு எதிர்ல நின்ன கேள்வி புத்திக்குள்ள ஏறல. அவரு மனசெல்லாம் ஸ்டெல்லா மேல இருந்துது.

தொட்டிக் குழாயைத் தொறந்தாரு. காத்துதான் வந்துது. சரின்னு மோட்டார் சுவிட்சைப் போட்டாரு. போர் பைப்புலேருந்து குபுகுபுன்னு ஊத்துச்சு. பாட்டிலை ரொப்பி வெயில்ல தூக்கிப் பாத்தாரு, பளிங்கு கணக்கா இருந்துது. மோந்து பாத்தாரு, ஒரு வாடையும் இல்ல. நாக்குல வச்சுத் துப்பிடலாம்னு சில பேரு சொல்லுவாங்கதான், ஆனா நோன்பு விஷயத்துல அவரு அந்த வெளையாட்டெல்லாம் வச்சுக்க மாட்டாரு. மூடியைத் திருகி, சுத்திச் சுத்தி டேப்பு ஒட்டுனாரு. ரசியாவோட கையெழுத்து அந்தப் பாட்டிலுக்குள்ள மெதக்கிற மாதிரியே இருந்துது அவருக்கு.

சாயங்காலம் கிளாஸுல போயி கதவு ஓரமா உக்காந்தாரு. பாட்டிலை மடியில வச்சு ரெண்டு கையாலயும் புடிச்சிருந்தாரு. உள்ள முழுக்கப் பொம்பளைங்க. ஸ்டெல்லா வாங்க பாய்னு ஒரு நாற்காலி எடுத்துப் போட்டுது. இவரு அதுலயும் ஒரு சூழ்ச்சி இருக்கும்னு நாற்காலி காலை ஆட்டிப் பாத்துட்டுத்தான் உக்காந்தாரு. மேசை மேல பாட்டிலுங்க வரிசையா இருந்துது. ரசியாவோட குழாய்த் தண்ணியும் அதுல ஒண்ணு. செலியமேட்டுலேருந்து வர்ற செங்கமலம், நடவு வேலை பாக்குற பொம்பளை, தன் பாட்டிலைத் தூக்கிக் காட்டி, ப்ரவுன், பட் ஸ்வீட்னு சொல்லிட்டு வெக்கத்துல முந்தானையைக் கடிச்சுக்கிச்சு. எல்லாரும் கை தட்டுனாங்க. ஸ்டெல்லா, உங்க பாட்டிலையும் இங்க வைக்கலாமான்னு கேட்டுது. அதெல்லாம் வேணாம், நான்தான் தொறப்பேன்னாரு சிராஜுதீன்.

அப்புறம் பாடம் நடந்துது. ஸ்டெல்லா ஒரு பேப்பர் துண்டைப் பலகையில ஒட்டி, கறுப்பு மை அடிச்ச எடத்தையெல்லாம் காட்டுச்சு. மொதல்ல வர்ணனை இல்லாமப் படிச்சுப் பாருங்க, நெஜமா நடந்தது என்னன்னு தெரியும், அதுக்கப்புறம் உங்க வார்த்தையைப் போடுங்கன்னுது. சிராஜுதீனுக்குத் திடீர்னு மணிவண்ணன் ஞாபகம் வந்துது. மேடான மனை, அருமையான தண்ணி. மையை அடிச்சா மனை, தண்ணி, ரெண்டுதான் மிச்சம். சேச்சேன்னு தலையை உதறிக்கிட்டாரு.

நோன்பு தொறக்குற பாங்குக்கு நேரம் நெருங்குச்சு. ரசியா பள்ளிவாசல்லேருந்து வாங்கியாந்த கஞ்சித் தூக்கையும் பேரீச்சம்பழத்தையும் எடுத்து வச்சா. ஸ்டெல்லா பாடத்தை நிறுத்திட்டு, நீங்க மொதல்ல தொறங்கன்னு சொல்லி நின்னுக்கிச்சு. சிராஜுதீன் எழுந்தாரு. தொண்டையைச் செருமிக்கிட்டு, இது நான் வாங்கப்போற மனையோட தண்ணி, இன்னிக்கு இதுலதான் நோன்பு தொறக்கப்போறேன், எல்லாரும் பாத்துக்குங்கன்னாரு. சொல்லும்போது கண்ணு ஸ்டெல்லா மேலயே இருந்துது.

பாங்கு சத்தம் ஏரிக்கரைப் பக்கமா மெதந்து வந்துது. ரசியா பேரீச்சம்பழத்தை நீட்டுனா. அவரு அதை வாங்கல. டேப்பைக் கிழிச்சாரு, துவா ஓதி, பிஸ்மில்லான்னு மடக்குனு ஒரு பெரிய வாய் குடிச்சாரு.

கரிச்சுது. நாக்கோட ரெண்டு பக்கமும் கரிச்சுது. ரெண்டு தடவை உப்பு போட்ட கஞ்சித் தண்ணி மாதிரி தொண்டையில போயி நின்னுது. பகல் பூரா காஞ்சுகெடந்த தொண்டை அதை உள்ள விட மாட்டேங்குது. இத்தனை பேருக்கு எதிர்ல துப்பவும் முடியல. கண்ணுல தண்ணி கட்டிக்கிச்சு. எப்படியோ முழுங்கிட்டாரு.

"எப்படி இருக்கு?"ன்னு கேட்டா ரசியா.

"நல்லா இருக்கு."

வாயிலேருந்து அதுதான் வந்துது. கடையில ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை, பழகிப்போன நாக்கு. ரசியா அவரு மூஞ்சையே பாத்தா. அவளும் இன்னும் நோன்பு தொறக்கல.

"அப்ப குடுங்க, நானும் அதுலயே தொறக்கிறேன்"னு கையை நீட்டுனா.

சிராஜுதீன் பாட்டிலைக் குடுக்கல. அவ கை இன்னும் கொஞ்சம் நீண்டுது. இவரு பாட்டிலை நெஞ்சோட சேத்துக்கிட்டு ஒரு அடி பின்னாடி போனாரு.

"வேணாம் ரசியா. நீ குடிக்காத."

செங்கமலம் தலையைக் குனிஞ்சுக்கிச்சு. ஸ்டெல்லா திரும்பிக்கிட்டு, அழிக்க ஒண்ணுமே இல்லாத பலகையை அழிச்சுக்கிட்டு நின்னுது. மூஞ்சியில கரி பூசணும்னு வந்தவரு கருத்துப்போயி நின்னாரு. ரசியா மட்டும் ஒண்ணும் நடக்காத மாதிரி, மேசை மேல இருந்த தன்னோட பாட்டில்லேருந்து ஒரு வாய் குடிச்சா. அதையே அவருகிட்ட நீட்டுனா. பேரீச்சம்பழத்தையும் கையில வச்சு மூடுனா.

திரும்பி வரும்போதுதான் அவ பஸ் ஸ்டாப்பு கதையைச் சொன்னா. அந்த மனைத் தண்ணியில ஒரு பாட்டில் வேணும்னு ரசியாதான் ஸ்டெல்லாவைக் கேக்கச் சொல்லியிருக்கா. சுத்தி வளைக்காம நேரா மணிவண்ணனையே கேட்டிருக்குது அந்தப் பொண்ணு. அவன் முடியவே முடியாதுன்னுட்டானாம். உங்ககிட்ட வந்து சொன்னா நீங்க நம்பவா போறீங்கன்னா ரசியா. அதுல குத்தல் கூட இல்ல, அதுதான் இவருக்குக் குத்துச்சு.

ஸ்கூட்டரை நிறுத்திட்டு சிராஜுதீன் வூட்டுக்குள்ள போகல. கடையில கேன் அடுக்கி வச்சிருந்த மூலைக்குப் போனாரு. பச்சை இழுப்பு ஒவ்வொண்ணா அவரைப் பாத்துது. கொட்டாய்க்குப் பின்னாடி அடுக்கியிருந்த காலி கேனுங்க இப்பத்தான் நெசமா கண்ணுக்குத் தெரிஞ்சுது. காத்து வந்த தொட்டிக் குழாய் தெரிஞ்சுது. நேரம் சொல்லிக் கூட்டிட்டுப் போன மணிவண்ணன் தெரிஞ்சான். ஒரு கேனோட மூடியைப் பிச்சு, டம்ளர்ல சாய்ச்சு, வாழ்க்கையில மொத தடவையா தன் கடைத் தண்ணியைக் குடிச்சாரு.

அதே தண்ணி. அன்னிக்கு மனையில நின்னு சொம்பைக் காலி பண்ணிட்டு, இளநி கணக்கா இருக்குன்னு நாலு நாள் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரே, அதே இனிப்பு. தன் கேனுலேருந்து தொட்டிக்குப் போயி, தொட்டியிலேருந்து தன் வாய்க்கே வந்திருக்குது. அதுவும் தானே வித்தது. காது மடலெல்லாம் சுட்டுது அவருக்கு. மணிவண்ணன் மேல வந்த ஆத்திரத்தை விட, அவன் சொன்னதைக் கேட்டு ஸ்டெல்லாவையும் ரசியாவையும் வாய்க்கு வந்தபடி பேசுன ஞாபகம்தான் அதிகமா எரிஞ்சுது. அங்கேயே சாக்கு மேல உக்காந்துட்டாரு.

திங்கக்கெழமை மணிவண்ணன் வந்தான். அவனுக்கு ஒண்ணும் தெரியாது. என்ன பாய், அம்மா சரின்னுட்டாங்களான்னு சிரிச்சுக்கிட்டே ஸ்டூல்ல உக்காந்தான். சிராஜுதீன் சண்டை போடல. கல்லாவுக்குக் கீழேருந்து டேப்பு கிழிஞ்ச பாட்டிலை எடுத்து, ஒரு டம்ளர் ரொப்பி அவன் எதிர்ல வச்சாரு.

"வெயில்ல வந்திருக்க. குடி மணி."

மணிவண்ணன் டம்ளரைப் பாத்தான், பாட்டிலைப் பாத்தான். பாய் நோன்பா இருக்கும்போது எதிர்ல உக்காந்து நான் எப்படிக் குடிக்கிறதுன்னு இழுத்தான். அதெல்லாம் ஒண்ணும் இல்ல, ஊரே எங்கிட்ட தண்ணி வாங்கிக் குடிக்குது, நீ குடின்னாரு. அவன் கை டம்ளர் பக்கம் வரவே இல்ல. அப்பத்தான் மூலையில இருந்த கேனுங்க அவன் கண்ணுல பட்டுது. ஞாயித்துக்கெழமை காலையிலேயே சிராஜுதீன் போயி வண்டியில ஏத்தியாந்த காலி கேனுங்க, வெயில் பட்டு வெளுத்துப்போன பச்சை இழுப்போட. ஒரு போன் பேசணும் பாய்னு எழுந்தவன், போனை எடுக்காமலே தெருவைத் தாண்டிப் போனான். அப்புறம் அந்தக் கடைப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கல.

உள்ளேருந்து ரசியா, குடிச்சாரான்னு கேட்டா. இல்லன்னாரு. டம்ளரை எடுத்துக்கிட்டு வாசல்ல இருந்த கறிவேப்பிலைத் தொட்டி கிட்ட போனாரு. அதுல ஊத்தாதீங்க, பட்டுப்போயிடும்னு அவ சத்தம் வந்துது. அப்படியே சாக்கடையில கொட்டிட்டு, டம்ளரை ரெண்டு தடவை கழுவிக் கவுத்து வச்சாரு.

அப்புறம் உள்ள போனாரு. பீரோக் கதவு வழக்கம்போல மூடாம நின்னுது, அதை முட்டியால தள்ளிவிட்டாரு. ரசியா சாயங்காலக் கஞ்சிக்கு இஞ்சி சீவிக்கிட்டிருந்தா. அவ மூஞ்சைப் பாக்காமத்தான் சொன்னாரு.

"உன் பங்கு உன் பேர்லயே கெடக்கட்டும். இன்னொரு மனை பாக்கப் போனா, மொத வாய் நீ குடி."